சிறையிற் பிணியுற்றார்க்கு மருந்து: அருளோ, கடனோ?

உடம்பொடு கூடி வாழும் உயிர்கட்குப் பிணி என்பது தவிர்க்கலாகாதது. அரசனும் ஆண்டியும், கற்றாரும் கல்லாரும், நல்லாரும் தீயாரும் என்னும் வேறுபாடு அதற்கு இல்லை. அது வந்துழித் தீர்தற்கு வேண்டுவன நோயாளி, மருத்துவன், மருந்து, பணிவிடை செய்வோன் என நான்கு என்று பண்டையோர் வகுத்துரைத்தனர். இந்நான்கும் ஒருங்கு கூடியவழியே நோய் தீரும். ஒன்று குறையினும் தீர்தல் அரிது.

தன் மனைக்கண் இருப்பான் ஒருவன் நோயுற்றால், அவன் வறியனேயாயினும், ஏனை மூன்றனையும் தேடிச் செல்லுதற்குரிய உரிமை அவனுக்கு உண்டு. ஒரு மருத்துவன் கைவிட்டால் வேறொரு மருத்துவனை நாடுவான். கையிற் பொருளில்லையேல் அயலாரை இரப்பான். தான் எழுந்து நடக்கமாட்டானாயின் மனைவியேனும் மக்களேனும் அவனைக் கட்டிலொடும் சுமந்து செல்வர். சிறையகத்தான் நிலை இவ்வாறன்று. நான்கனுள் நோயாளி என்னும் ஒன்று மாத்திரமே அவன்பால் உளது. மற்றை மூன்றும், கதவைப் பூட்டித் திறவுகோலைக் கைக்கொண்டிருப்பான் வசத்தனவாம். அவன் அழைத்தாலன்றி மருத்துவன் வாரான். அவன் இசைந்தாலன்றி மருந்து வாராது. அவன் விடுத்தாலன்றிச் சுற்றத்தார் அருகணையார்.

ஆகவே ஒரு வினா எழுகின்றது. சிறைப்பட்டான் ஒருவன் கடும்பிணியுற்றவழி அவனுக்கு ஏற்ற மருத்துவம் செய்வித்தல், அரசு இரங்கி அளிக்கும் அருட்கொடையோ, அன்றிச் செலுத்தியே தீரவேண்டிய கடனோ என்பதே அது. அருட்கொடையாயின், கொடுத்தாற் புகழ் உண்டு; கொடாவிடிற் பழியில்லை. கடனாயின், கொடுத்தாற் புகழில்லை. கொடாவிடிற் பழியும் பாவமும் உண்டு. இவ்விரண்டனுள் யாது பொருந்தும் என்பது ஆராயற்பாலது. வெறுஞ்சொல்லால் ஆராய்வதினும், உலகறிய நிகழ்ந்ததோர் உண்மை நிகழ்ச்சியை முன்வைத்து ஆராய்தல் நலமாம்.

தென்னாப்பிரிக்க நாட்டிலே, வெள்ளையர் ஆட்சி கறுப்பின மக்களைப் பிரித்து ஒடுக்கிய காலத்தில், அம்மக்கள் தம் மானத்தைத் தாமே உணர்தல்வேண்டும் என்று முழங்கிய இளைஞர் ஸ்டீவ் பிக்கோ என்பார். இவர் 1946-ஆம் ஆண்டு பிறந்தவர். சிலகாலம் மருத்துவக் கல்வி பயின்றவர். 1977-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள் வழியிடையே தடுத்துக் கைது செய்யப்பட்டார். விசாரணையின்றியே ஒருவரை அடைத்துவைக்க இடந்தந்த சட்டத்தின்கீழ்ப் போர்ட் எலிசபெத் என்னும் நகரிற் காவலில் வைக்கப்பட்டார். அங்கே ஆடையின்றியும் விலங்கொடும் கிடந்தார். செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், காவலர் வினாவிய அறையின்கண், அவர் தலையிற் பெருங்காயம் பட்டு மூளை ஊறுபட்டது.

இனித்தான் கருதற்பாலது வருகின்றது. மருத்துவர் அழைக்கப்படாமல் இருந்தாரல்லர். ஒருவரல்லர், இருவர் வந்து கண்டனர். முதற்கண் வந்தவர், நோயாளியிடத்துக் குறையொன்றும் காணப்படவில்லை என்று சான்றெழுதிக் கொடுத்தார். பின்னர் முதுகெலும்பினின்று நீர் எடுத்துச் சோதித்தபோது அந்நீரிற் குருதி கலந்திருந்தது. அவ்வளவிலும் அவர் விடுதலைபெற்றாரல்லர். மருத்துவச்சாலையிற் கிடத்திப் பேணப்பட்டாருமல்லர். அவர் நோயுற்றவர்போல் நடிக்கின்றார் என்பதே காவலர் கொண்ட ஐயம். மருத்துவம் பயின்றவராதலின் நடிக்கவும் வல்லர் என்று அவர்தம் கல்வியையே அவருக்குப் பகையாக்கினர்.

செப்டம்பர் 11-ஆம் நாள் அவர் வாயில் நுரைதள்ளித் தரையிற் கிடக்கக் கண்டனர். மருத்துவச்சாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும் என்று அப்போது மருத்துவர் கூறினார். அந்நகரிலேயே நல்ல மருத்துவச்சாலை இருந்தது. அங்கே விடுத்தால் தப்பிவிடுவார் என்று காவற்றலைவர் மறுத்தார். மருத்துவரும் அம்மறுப்புக்கு இணங்கினார். பிரிட்டோரியா நகரத்துச் சிறை மருத்துவச்சாலைக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு, ஒரு வண்டியின் பின்புறத்தே ஆடையின்றிக் கிடத்தி இரவெல்லாம் ஓட்டிச் சென்றனர். நோயின் வரலாறு எழுதிய ஏடு ஒன்றும் உடன் செல்லவில்லை. மறுநாள், 1977 செப்டம்பர் 12-இல், அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு அகவை முப்பது.

இந்நிகழ்ச்சியிலே மேற்கூறிய நான்கும் எவ்வாறு இருந்தன என்று நோக்குக. நோயாளி இருந்தார். மருத்துவர் இருந்தனர். மருந்தும் மருத்துவச்சாலையும் அந்நகரிலேயே இருந்தன. பணிவிடை செய்வோரும் அங்கே உளர். நான்கும் இருந்தும் உயிர் போயிற்று. என்னை காரணம் எனின், மருத்துவன் நோயாளியை நோக்காது காவலன் முகத்தை நோக்கி நின்றமையே காரணம் என்க. நோயாளிக்குத் தொண்டு செய்தற்குரிய அறிவு, பூட்டினான் ஒருவனுக்கு ஏவல் செய்யப் புகுந்தமையின், உடம்பால் அருகே நின்ற மருத்துவன் பயனால் இல்லாதவனே ஆயினான்.

அவ்வாண்டின் இறுதியில் நடந்த மரண விசாரணை ஒருவர் மேலும் குற்றம் இல்லை என்று முடிந்தது. அந்நாட்டு மருத்துவ மன்றமும் 1980-ஆம் ஆண்டு, இரு மருத்துவர் மேலும் வினவுதற்குரிய குற்றம் காணப்படவில்லை என்று விடுத்தது. ஆயின் அந்நாட்டு மருத்துவருள்ளே மனச்சான்றுடையார் சிலர் அம்முடிவைப் பொறாது நீதிமன்றம் சென்றனர். நீதிமன்றத்தின் ஆணையால் மன்றம் மீண்டும் ஆராய்ந்து, 1985-ஆம் ஆண்டு இருவரையும் குற்றவாளிகள் எனக் கண்டது. ஒருவர் பெயர் மருத்துவர் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. அவர் பின்னாளில், அரசின் கருவிகளோடு தாம் மிக நெருங்கி நின்று அஞ்சாமை இழந்தமையை ஒப்புக்கொண்டார். எட்டாண்டு கழிந்தேனும் இவ்வுண்மை நிலைநாட்டப்பட்டமைக்குக் காரணராயினார், இறந்தாரது கட்சியினர் மட்டுமல்லர். தம் தொழிலின் தூய்மையைக் காக்க விழைந்த மருத்துவரே என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

அந்நாட்டிலேயே மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1964-ஆம் ஆண்டு வாழ்நாட் சிறை விதிக்கப்பட்ட நெல்சன் மண்டேலா, 1988-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், தம் எழுபதாம் அகவையில், இருமலுற்று மெலிந்தார். அவரை வெளியேயுள்ள பெரிய மருத்துவச்சாலைக்குக் கொண்டுசென்றனர். நெஞ்சகத்தே தேங்கிய நீரை வாங்கினர். காசநோயின் தொடக்கம் எனக் கண்டு ஏற்ற மருந்தளித்தனர். பின்னர் வேறொரு மருத்துவ மனையிலும் வைத்துப் பேணினர். அவர் நலமுற்று 1990-ஆம் ஆண்டு பெப்ரவரி 11-ஆம் நாள் விடுதலையாகிப் பின் அந்நாட்டின் தலைவராகவும் விளங்கினார்.

ஒரே நாடு, ஒரே ஆட்சி, இடையிற் கழிந்தன பதினோராண்டுகளே. குற்றம் தீர்ப்பாகாத ஒருவர் மருத்துவமின்றி மாண்டார்; வாழ்நாட் சிறை விதிக்கப்பட்ட ஒருவர் மருத்துவத்தாற் பிழைத்தார். வேறுபாடு குற்றத்தால் வந்ததன்று என்பது இதனால் இனிது விளங்கும். பின்னவர்பால் உலகம் முழுவதும் கண் வைத்திருந்தது. அவர் சிறையில் இறப்பின் வரும் பழியை ஆட்சியாளர் அஞ்சினர். அஞ்சிச் செய்யினும் நன்று செய்தாரே. ஆயினும், புகழுடையானுக்கு வருவதும் புகழிலானுக்கு வாராததுமாகிய ஒன்று அறம் எனப்படுமா? பெயரறியாத ஒரு கைதி, கேட்பார் ஒருவரும் இல்லாத ஒரு நள்ளிரவில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுங்கால் என் செய்யப்படுகின்றது என்பதே ஓர் அரசின் அறத்தை அளக்கும் கோல். அருட்கொடையென்று கொள்வார் கையில் அக்கோல் வளையும். கடனென்று கொள்வார் கையிலேயே அது நேர் நிற்கும்.

இனி, இதற்குத் தடை நிகழ்த்துவார் கூற்றுக்களை ஒவ்வொன்றாக நோக்குதும்.

‘குற்றம் செய்து சிறைப்பட்டவன் துன்புறற்கே உரியன், அவனுக்கு நோய் வரின் அதுவும் தண்டனையின் ஒரு கூறே’ என்பர் சிலர். அது பொருந்தாது. நீதிமன்றம் குற்றத்தின் அளவை ஆய்ந்து இத்துணை யாண்டு சிறை என அளந்து விதிக்கின்றது. அவ்வளவிற் கூடுதலும் குறைதலும் முறைபிறழ்தலேயாம். மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டான் ஒருவன், மருந்தின்மையால் முதலாண்டிலேயே இறந்தானாயின், நீதிபதி விதியாத மரண தண்டனையைச் சிறைக்காவலன் விதித்தான் என்பதன்றி வேறென் சொல்வது? விசாரணை முடியாதார் திறத்திலோ இது பின்னும் கொடிது. இந்திய நாட்டின் உச்சநீதிமன்றம் 1989-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பொன்று வழங்கியது. விபத்திற் காயமுற்றாரைக் காத்தல் பற்றிய வழக்கு அது. நோயாளி குற்றமற்றவனாயினும் குற்றவாளியாயினும் உயிரைக் காத்தல் மருத்துவர் கடன் என்றும், குற்றமற்றவன் காக்கப்படுதற்கும் குற்றவாளி முறைப்படி தண்டிக்கப்படுதற்கும் உயிர் நிற்றல் வேண்டும் என்றும் அதன்கண் விளக்கப்பட்டது. தண்டனைக்கும் உயிர் வேண்டும் என்னும் இக்கருத்து நுட்பமுடையது.

சைவ சித்தாந்த நூலார்க்கும் இது உடன்பாடேயாம். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில், இறைவன் உயிர்களை ஒறுத்தலும் கருணையே என்பதனை விளக்கப் புகுந்து, பிள்ளைகளை அடித்தும் கட்டியும் திருத்துகின்ற தாய் தந்தையரையும், அறுத்தும் சுட்டும் நோய் தீர்க்கின்ற மருத்துவனையும் உவமையாகக் காட்டினார். அரசன் செய்யும் தண்டமும் குற்றத்தைக் கழுவுவது என்றே கொண்டார். இதனை மறக்கருணை என்ப. அவ்வுவமையை நன்கு உன்னுதல் வேண்டும். தீநெறி சென்ற மகனைத் தூணிற் பிணித்த தந்தை, அம்மகன் உடம்பு காய்ச்சலாற் கொதிக்கக் கண்டால் என் செய்வான்? கட்டியது கட்டியபடி கிடக்க என்று அகல்வானாயின், முன்பு கட்டியதும் அன்பினாலன்று, வெகுளியினால் என்பது தெற்றெனப் புலனாகும். ஓடிவந்து நெற்றியைத் தொட்டு மருந்துக்கு விரைவானாயினன்றோ அக்கட்டும் கருணை எனப்படும்? சிறைக்கோட்டமும் அத்தகையதே. பிணியுற்றபோது மருந்தளிக்கும் சிறையே தண்டம் எனப்படுதற்குரியது; அளியாத சிறை பகைமையின் வேறன்று.

‘நோய் என்பது முன்வினைப் பயன், பிராரத்தத்தை நுகர்ந்தே கழித்தல் வேண்டும், அதனை இடைநின்று தடுத்தற்கு நாம் யார்?’ என்பார் பிறிதொரு சாரார். இவர் சமய உண்மையைக் கூறுவார்போலக் கூறினும், அதனைப் பிழைபட உணர்ந்தாரேயாவர். வினை சடம், அதனை அறிந்து உயிர்க்குக் கூட்டுவிப்பான் இறைவன் ஒருவனே. ஒருவனுக்கு எத்துணை வினை எஞ்சியது, எந்நாளில் அது தீரும் என்பதைச் சிறைக்காவலன் எந்த ஏட்டிற் கண்டான்? நோய் வினையான் வந்ததாயின், அந்நோய் தீர்தற்குரிய மருந்தும் மருத்துவனும் எதிர்ப்படுதலும் வினையான் வந்தனவே. நோயை மாத்திரம் வினையென்று கொண்டு மருந்தை வினையன்றென்று விலக்குதல் ஒருதலை வழக்காம். அன்றியும், நோயாளி நுகர்வது பிராரத்தமேயாயினும், உதவவல்லனாயிருந்தும் உதவாதான் ஈட்டுவது ஆகாமியமன்றோ? பிறன் வினையைக் கணக்கிடப் புகுந்தான் தன் பெயரிற் புதுக்கணக்கு எழுதிக்கொள்கின்றான். இவ்வாறு கூறுவார் தம் சேய்க்குச் சுரம் கண்டபோது வினையென்று வாளா இருப்பாரோ எனின், இரார். மருத்துவன் வாயிலுக்கே ஓடுவர்.

திருஞானசம்பந்தப் பெருமான் கொடிமாடச் செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபோது அடியவரைக் குளிர்சுரம் பற்றிய வரலாறு சைவர் யாவரும் அறிந்தது. இந்நிலத்திற்கும் இப்பருவத்திற்கும் இது இயல்பு என்று அடியவர் விண்ணப்பித்தனர். இயல்பென்று பிள்ளையார் அமைந்தாரல்லர், வினையென்று கைவிட்டாருமல்லர். இறைவனைப் பாடி அந்நோயை நீக்கியருளினார். வினையுண்மையை அவரினும் அறிந்தார் யார்?

‘நோயென்று சொல்லிச் சிறையினின்று நழுவ நடிப்பார் பலர்’ என்பது காவலர் கூறும் தடை. நடிப்பார் உளர் என்பது உண்மையே. ஆயின் நடிப்போ மெய்யோ என்று துணிதற்குரியான் மருத்துவனேயன்றிப் பூட்டைக் காப்பானல்லன். ஸ்டீவ் பிக்கோ திறத்தில் நடிப்பென்ற ஐயமே உயிருக்குக் கூற்றாயிற்று. நடிப்பவனை நோயாளியென்று மயங்கினால் இழப்பது சிறிது காலமும் சிறிது பொருளும். நோயாளியை நடிப்பவனென்று மயங்கினால் இழப்பது மீளாத உயிர். இவ்விரு பிழைகளுள் எதனை அஞ்சுதல் வேண்டும் என்பது அறிவுடையார்க்குச் சொல்லவேண்டுவதின்று.

‘வெளியே குற்றமற்ற ஏழைகள் பலர் மருந்தின்றி வாட, குற்றவாளிக்கு அரசு பொருள் செலவிடுதல் முறையோ?’ என்பது இறுதித் தடை. இத்தடையில் இரக்கம் உண்டு, ஆதலின் இகழற்பாலதன்று. ஏழைகள் மருந்தின்றி வாடுதல் பெருங்குறையே. அக்குறை தீர ஏழைக்கும் கொடுத்தல் வேண்டுமேயன்றி, சிறைப்பட்டானிடத்தினின்றும் பறித்தலால் ஏழைக்கு ஒன்றும் வாராது. மேலும், ஏழையின் காலை ஒருவரும் கட்டவில்லை. சிறைப்பட்டான் காலை அரசு கட்டியது. கட்டியவனே அவனுக்குக் காலாகவும் கையாகவும் நிற்றற்கு உரியன். பறவையைக் கூண்டிலிட்டவன் அதற்கு நீர் வைத்தல் கொடையன்று. கூண்டிலிட்டபோதே அக்கடன் அவன் தலைமேல் ஏறிற்று.

செல்வத்தாற் சிறந்த நாட்டிலும் இக்கடன் மறக்கப்பட்டதுண்டு. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாகாணச் சிறைகளில், இடம் ஏறத்தாழ 80,000 பேர்க்கேயாக, அதனின் இருமடங்கை அணுகிய தொகையினர் நெடுங்காலம் அடைக்கப்பட்டிருந்தனர். ஏற்ற மருத்துவம் இன்மையால், காத்திருக்கக்கூடிய உயிர் ஒன்று ஆறேழு நாட்களுக்கொருமுறை அச்சிறைகளில் நீங்கியது என்று நீதிமன்றத்திற் காணப்பட்டது. அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் சிறையோர் தொகையைக் குறைத்தல்வேண்டும் என்ற ஆணையை உறுதி செய்தது. மருந்தளிக்கமாட்டாத அளவுக்கு மக்களை அடைத்தல் ஓர் அரசுக்கு உரிமையன்று என்பதே அதன் கருத்து.

நம் நாட்டிலும் அண்மையில் ஒன்று நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளிப் பகுதியிற் பிறந்து, வடபுலத்துப் பழங்குடியினரிடையே தொண்டாற்றிய கிறித்தவத் துறவி ஸ்டான் சுவாமி என்பார், எண்பது அகவை கடந்த நிலையில், 2020-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் கைது செய்யப்பட்டார். நடுக்குவாத நோயால் அவர் கை குவளையை ஏந்தமாட்டாது. நீர் பருகுதற்கு உறிஞ்சுகுழல் ஒன்று வேண்டும் என்பதும் நீதிமன்றத்தில் வேண்டுகோளாக வைக்கப்பட வேண்டியதாயிற்று. பின்னர் நீதிமன்ற ஆணையால் மும்பை நகரத்து மருத்துவ மனையிற் சேர்க்கப்பட்டார். வழக்கு முடியாமலும் பிணையில் விடுதலை கிடையாமலும் 2021-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். அவர் சமயம் வேறு, கொள்கை வேறு, அவர்மேற் சாற்றப்பட்ட குற்றம் உண்டோ இல்லையோ என்பதும் இங்கு ஆராய்ச்சியன்று. பிணி சமயம் அறியாது. அதனைத் தீர்ப்பாரும் சமயம் அறிதல் வேண்டா.

இக்கடன் இக்காலத்தார் புதிதாக வகுத்ததன்று. அசோக மன்னன் தன் கல்வெட்டுக்களுள் ஒன்றில், சோழர் பாண்டியர் நாடுகள் உள்ளிட்ட எல்லைப்புறங்களிலும் மக்கட்கும் விலங்கிற்கும் மருத்துவம் அமைத்தமையைக் கூறினான். மற்றொன்றில், சிறைப்பட்டார் நலத்தை நோக்குமாறு அறவதிகாரிகளை ஏவினான். இளையர், முதியர், பிணியாளர், திக்கற்றார் ஆகிய கைதிகளை அரசன் பிறந்த விண்மீன் நாளிலும் முழுமதி நாளிலும் விடுவிக்குமாறு பொருணூல் செய்த கௌடிலியர் விதித்தார். மணிமேகலைக் காப்பியத்தில் அந்நங்கை சோழமன்னனிடம் பெற்ற வரம், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குதலேயாகும். ஆங்கில ஆட்சியில் 1894-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சிறைச்சட்டமும், ஒவ்வொரு சிறையிலும் பிணியாளர்க்கு இடம் வேண்டும் என்றும், மருத்துவரைக் காண விழைவானது வேண்டுகோளைக் காலந்தாழ்த்தாது தெரிவித்தல் வேண்டும் என்றும் விதித்தது. ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஏற்று, மண்டேலா பெயரால் வழங்கும் விதிகள், வெளியே வாழ்வார் பெறும் தரத்தினையுடைய மருத்துவத்தைச் சிறையோரும் விலையின்றிப் பெறல் வேண்டும் என்றும், மருத்துவர் துணிந்ததனை மருத்துவரல்லாத சிறையதிகாரிகள் மாற்றலாகாது என்றும் கூறுகின்றன. இவ்விரண்டாம் விதி 1977-இல் போர்ட் எலிசபெத் நகரிலே நடைமுறையில் இருந்திருப்பின், அவ்விளைஞர் ஆயிரம் கிலோமீட்டர் வண்டியிற் கிடந்து சென்றிரார்.

ஆதலின், விதி இல்லை என்பது இன்று குறையன்று. விதியைக் கடனென்று உணரும் நெஞ்சமே வேண்டுவது. சிறைப்பட்டான் நோயென்று உரைத்த அப்பொழுதே மருத்துவனுக்கு அறிவித்தலும், மருத்துவன் சொல்லுக்குப் பூட்டு வழிவிடுதலும், உள்ளே தீராத நோயை வெளியே கொண்டுசென்று தீர்த்தலும், தீர்க்கலாகா நோயனைத் தன் சுற்றத்தார் மடியில் உயிர்விட விடுத்தலும் ஆகிய இவையே அக்கடனின் உறுப்புக்கள். இவற்றைச் செய்யும் அதிகாரி புகழை எதிர்நோக்க வேண்டா. செய்யாதான் பழியினின்று தப்பவும் வேண்டா.

நோயாளி, மருத்துவன், மருந்து, பணிவிடை செய்வோன் என்னும் நான்கனுள் மூன்றனைத் தன் கையில் வைத்துக்கொண்ட அரசு, அம்மூன்றற்கும் விடைகூறக் கடமைப்பட்டது. இருள்சேர் அறைக்குள் கிடப்பான் ஒருவன் உயிரும் சிவன் உறையும் கோயிலே என்று உணர்வார்க்கு, அக்கோயிலின் விளக்கு அவியாமற் காத்தல் அருளும் ஆம், கடனும் ஆம். கடனாகச் செய்யத் தொடங்கியது நாளடைவில் அருளாகவே முதிரும். அருளென்று கூறிக் காலந்தாழ்த்தது ஒருநாளும் கடனைத் தீர்க்காது.

சிவம்.